கடலோரக் குடும்பங்களின் வக்கீல்

(ம. சிங்காரவேலர் நினைவாக இராயபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் பழைய குடும்பங்களில் 'நம்ம வக்கீல்' என்று ஒருவர் இருப்பார். பெயரைச் சொல்லமாட்டார்கள். தம்பு செட்டித் தெருவிலோ லிங்கி செட்டித் தெருவிலோ ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் அவருடைய அறை இருக்கும். அண்ணன் தம்பி பாகப்பிரிவினைக்கும் அவரிடம்தான் போவார்கள்; புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்த மகளின் ஜீவனாம்சத்துக்கும் அவரிடம்தான். துறைமுகத்தில் சரக்கு விழுந்து கால் போன தம்பிக்கு நஷ்டஈடு, அப்பா இறந்தபின் வாரிசுச் சான்று, பி.எஃப். பணம், பட்டா மாற்றம் எல்லாம் அதே மேசைக்கு வந்து சேரும். ஃபீஸ் முழுதாகக் கையில் இல்லாவிட்டாலும் "அடுத்த வாய்தாவுக்கு வாங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லத் தெரிந்தவர் அவர். அந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அவருக்கும் போகும்.

அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றியது இன்றைய பேச்சு. சிங்காரவேலரைத் தென்னிந்தியாவின் முதல் பொதுவுடைமையர் என்று எல்லாருக்கும் தெரியும். இந்தியாவில் முதல் மே தினம் கொண்டாடியவர் என்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். 'சிந்தனைச் சிற்பி' என்ற பட்டமும் உண்டு. ஆனால் அவர் ஒரு வக்கீல் என்பது, அவர் அந்தத் தொழிலைத் துறந்த கதையைச் சொல்வதற்கு மட்டுமே நினைவுகூரப்படுகிறது. கவுனை எரித்தார், அத்தோடு வக்கீல் சிங்காரவேலர் முடிந்தார் என்பதுபோலப் பேசுகிறோம். உண்மையில் அதன்பிறகுதான் அவருடைய பெரிய வழக்கு தொடங்கியது. கட்சிக்காரர்கள் மாறினார்கள், கூலி, விபத்து, வீடு, முதுமை என்று உழைக்கும் குடும்பத்தைக் கட்டிக்காக்கிறதும் சிதறடிக்கிறதுமான எல்லாமே அவருடைய வழக்குக் கட்டில் சேர்ந்தன.

அவர் பிறந்தது 1860 பிப்ரவரி 18. ஊர் அயோத்தியாகுப்பம், மெரினாவை ஒட்டிய மீனவர் குப்பம். வசதியான குடும்பம்தான். ஆனால் கடலை நம்பி வாழ்ந்த சமூகம். அவர் இளைஞராக இருந்தபோதுதான் சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881இல் வந்த புயல் அந்த வேலையைச் சின்னாபின்னமாக்கியது, மறுபடியும் கட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. நடுவில் சுவர் வந்ததும் மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே வரவேண்டிய மணல் வராமல் போனதால் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரிக்கத் தொடங்கியது. இன்று எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் கொட்டியிருக்கும் பாறைகளும் தூண்டில் வளைவுகளும் அந்தக் கணக்கின் பாக்கி. ஒரே சுவர் அயோத்தியாகுப்பத்தின் முன்னால் நிலத்தைக் கூட்டியது, இந்தப் பக்கத்துக் குப்பங்களின் நிலத்தைத் தின்றது. கடல் தின்ற வீட்டுக்கு யார் ஈடு தருவது? அந்தக் கேள்விக்கு அன்றைய சட்டத்தில் இடமே இல்லை.

குப்பத்துக்கு என்று ஒரு நீதி முறை இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, நாட்டாமை முன்னால் வலைத் தகராறும் பேசுவார்கள், கணவன் மனைவி தகராறும் பேசுவார்கள். அபராதம் போடுவார்கள், சேர்த்துவைப்பார்கள், தீர்த்துவைப்பார்கள். அந்த முறைக்கு ஒரு வலு உண்டு: வழக்கு அன்றைக்கே முடியும், செலவு இல்லை. குறையும் உண்டு: பஞ்சாயத்தில் பெண்ணின் குரல் பெரும்பாலும் வேறொருவர் வாய்வழியாகத்தான் கேட்கும். தவிர, கம்பெனியையும் துறைமுகத்தையும் சர்க்காரையும் குப்பத்துப் பஞ்சாயத்து கூப்பிட்டு நிறுத்த முடியாது. அதற்குக் கோர்ட்டு வேண்டும். கோர்ட்டின் மொழி தெரிந்த ஆள் வேண்டும்.

சிங்காரவேலர் அந்த மொழியைக் கற்றது மிகத் தாமதமாக. கிறித்தவக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர், வணிகம் பார்த்தவர், லண்டன் போய் வந்தவர், மகாபோதி சங்கத்தின் வழியாகப் பௌத்தத்தில் ஆழ்ந்தவர். அயோத்திதாசப் பண்டிதரும் பேராசிரியர் லட்சுமி நரசுவும் சென்னையில் பௌத்தத்தைப் பேசிய காலம் அது. அதன்பிறகு, 1907இல் சட்டப் பட்டம் பெற்றார். அப்போது வயது 47. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டக் கல்லூரி, மகன் வயதில் இருக்கக்கூடிய மாணவர்கள். பேரும் வருமானமும் தேடி ஒருவர் தொழிலுக்கு வரும் வயதல்ல இது. உலகத்தைப் பார்த்து முடித்தபின், இதற்குள் ஏதோ வேலை இருக்கிறது என்று கருதி வந்திருக்கிறார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

அவர் வக்கீலாக இருந்தது சுமார் 14 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சட்டத்தில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் பிறகு அவர் செய்தது புரியும். துறைமுகத்தில் மூட்டை சரிந்து ஒருவர் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் பிள்ளைகளும் நஷ்டஈடு கேட்க 1855ஆம் ஆண்டு மரண விபத்துச் சட்டம் என்று ஒன்று இருந்தது. அதன்படி சிவில் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டும். கம்பெனியின் தவறால்தான், அல்லது கவனக்குறைவால்தான் சாவு நடந்தது என்று அந்தப் பெண் நிரூபிக்க வேண்டும். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் யார்? அதே கம்பெனியில் மறுநாளும் வேலைக்குப் போக வேண்டியவர்கள். "கூட வேலை செய்தவனின் தவறு, எங்கள் தவறல்ல" என்று முதலாளி கைகழுவவும் ஆங்கிலேயச் சட்டக் கோட்பாட்டில் இடம் இருந்தது. கோர்ட்டுக் கட்டணம் தனி. தாலி அறுத்த மூன்றாம் நாள் ஒரு பெண் இதையெல்லாம் செய்வாளா? ஏட்டில் இருந்த உரிமை வீட்டுக்கு வந்து சேரவில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் துறைமுகத்தின் மீது குண்டு வீசியதையும் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்ததையும் இந்தப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்வார்கள். உயர் நீதிமன்ற மதிலில் குண்டு பட்ட இடத்தில் கல்வெட்டும் இருக்கிறது. 13 ஆண்டு கழித்து, 1927இல், அதே பர்மா ஆயில் கம்பெனியின் சென்னைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னால் நின்றவர்களில் சிங்காரவேலர் ஒருவர். எம்டனுக்குக் கல்வெட்டு இருக்கிறது. அந்த வேலைநிறுத்தத்துக்கும் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

1918 ஏப்ரல் 27ஆம் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர்ப் பகுதியின் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்கள், பி. பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்று அந்தக் கதை பலருக்கும் தெரியும். அதில் வக்கீல்கள் கவனிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1920 கடைசியில் மில் கதவடைப்பு நடந்தபோது, தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்கள் என்று சங்கத் தலைவர்கள்மீது நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. வாடியாவுக்கு எதிராகத் தடை உத்தரவு வந்தது, நஷ்டஈடும் கேட்டார்கள். கடைசியில் வாடியா சங்கத்தோடு தொடர்பை விட்டுக்கொடுக்க வேண்டிவந்தது. அதாவது, கூலிக்காரர் ஒன்றுசேர்ந்து நியாயம் கேட்டால் அதைச் சதியென்றும் ஒப்பந்த மீறலென்றும் சொல்லக்கூடிய சட்டம் அன்று நடப்பில் இருந்தது. இந்தத் தடை உத்தரவின் அதிர்ச்சிதான் 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவரக் காரணம். 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் அந்த வழியில்தான். சங்கம் தொழில் தகராறில் செய்யும் செயலுக்காகச் சிவில் வழக்குப் போட முடியாது என்று அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவின் பிறந்த வீடு வட சென்னை.

அந்தத் தடை உத்தரவின் சூடு ஆறுவதற்குள், 1921 மே மாதத்தில், சிங்காரவேலர் வக்கீல் தொழிலைத் துறந்தார். காந்தியின் ஒத்துழையாமை அழைப்பை ஏற்று, கவுனைப் பொதுமக்கள் முன்னால் நெருப்பில் போட்டார். தேசபக்தியின் அடையாளமாகத்தான் இதை எல்லாரும் எழுதுகிறார்கள், அது சரியே. ஆனால் இடத்தையும் காலத்தையும் பார்க்க வேண்டும். பெரம்பூரில் அந்த ஆண்டு மறுபடியும் மூண்ட வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. புளியந்தோப்பில் ஏழைகள் ஏழைகளோடு மோதவிடப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. சங்கம் வைத்தவர்களை எந்தக் கோர்ட்டு கட்டிப்போட்டதோ அந்தக் கோர்ட்டின் கவுன்தான் நெருப்பில் விழுந்தது.

இதில் ஒரு இழப்பும் உண்டு. அதைச் சொல்லாமல் போவது மரியாதையாகாது. அந்தத் தலைமுறையில் குப்பத்துக் குடும்பங்களிலிருந்து உயர் நீதிமன்றம் ஏறியவர்கள் மிகமிகக் குறைவு. அந்தப் படியில் நின்ற ஒருவர் தானாக இறங்கிவிட்டார். அவர் தொழிலில் இருந்திருந்தால் அவருடைய அறையில் ஜூனியர்களாகப் பத்து மீனவப் பிள்ளைகள் உருவாகியிருக்கலாம். தூத்துக்குடி வக்கீல் வ.உ.சி.யின் நிலை வேறு: 1908இல் தண்டனை விதித்ததும் அவருடைய வக்கீல் சன்னதை அரசே பறித்தது, சிறையிலிருந்து வந்தபின் சென்னையில் வறுமையோடு போராடினார், நெடுங்காலம் கழித்து நீதிபதி வாலஸ் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வ.உ.சி.யிடமிருந்து பிடுங்கியதைச் சிங்காரவேலர் தானே கொடுத்தார். எது பெரிய தியாகம் என்று எடைபோடத் தேவையில்லை. இருவருக்குமே, எதிர்த்தரப்பில் கம்பெனி இருக்கும்போது வக்கீலின் வாதத்திறமைக்கு எல்லை எங்கே என்பது தெரிந்திருந்தது.

1922 டிசம்பரில் கயா காங்கிரசில் தன்னைப் பொதுவுடைமையர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு பேசினார். அடுத்த ஆண்டு மே முதல் நாள் சென்னையில் இரண்டு இடங்களில் கூட்டம். ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை. இன்னொன்று உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. எந்தக் கட்டடத்துக்குக் கவுனோடு போய்வந்தாரோ அதன் எதிரிலேயே, கவுன் இல்லாமல், இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். செங்கொடி ஏறியது. ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகையும் தமிழில் 'தொழிலாளன்' என்ற பத்திரிகையும் வந்தன. எட்டு மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி, சங்கத்துக்கு அங்கீகாரம் போன்ற கோரிக்கைகளை அவர் எழுதிய முறையைப் பார்த்தால் மனு எழுதிப் பழகிய கை தெரிகிறது. ஆவேசப் பேச்சாகத் தொடங்கி, இன்னது வேண்டும் என்ற பட்டியலில் வந்து நிற்கும்.

அந்த 1923 மார்ச்சில்தான் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் நிறைவேறியது. 1924 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. உலகமெங்கும் தொழிலாளர் எழுப்பிய குரலும் அதற்குப் பின்னால் இருந்தது. இந்தச் சட்டத்தைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்வைக்கு அது ஆலைச் சட்டம். உள்ளே இருப்பதோ குடும்பச் சட்டம்.

வேலை நேரத்தில் வேலை காரணமாகச் சாவு நேர்ந்தால், முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. அன்று ஈடு எவ்வளவு? 30 மாதக் கூலி, அல்லது 2,500 ரூபாய், எது குறைவோ அது. மாதம் 20 ரூபாய் சம்பாதித்தவர் என்றால் 600 ரூபாய். நிரந்தரமாக முடமானவருக்கு 42 மாதக் கூலி, உச்சவரம்பு 3,500. காயம்பட்டுப் பத்து நாளுக்குள் எழுந்துவிட்டால் ஒன்றுமில்லை. தொகை சிறிதுதான். ஆனால் யாருக்குப் போகும் என்பதில்தான் சட்டத்தின் நுட்பம் இருக்கிறது. மனைவி, பெற்றோர், வயது வராத மகன், மணமாகாத மகள், வயது வராத தம்பி, மணமாகாத சகோதரி, பெற்றோர் இல்லாதபோது தந்தைவழித் தாத்தா பாட்டி: உழைப்பவன் ஒருவனை நம்பி ஒரு வீட்டில் யார் யாரெல்லாம் சோறு தின்கிறார்களோ அவர்களை எண்ணிப் பார்த்து எழுதிய பட்டியல் இது. சொத்து உள்ள வீட்டின் வாரிசுச் சட்டம் ரத்தத்தைப் பார்க்கும். இது அடுப்பைப் பார்த்தது.

இன்னொரு பிரிவும் உண்டு. ஈட்டுத் தொகையை முதலாளி நேரே அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துக் கைநாட்டு வாங்கிவிட முடியாது. கமிஷனரிடம் கட்ட வேண்டும். அவர் விசாரித்து, சார்ந்திருப்பவர்களுக்குப் பங்கிட்டுத் தருவார். பாடை எடுக்கும் நேரத்தில் மேஸ்திரி வந்து ஐம்பது ரூபாயைத் திணித்து "இதோட கணக்கு முடிஞ்சுது" என்று தாளில் கையெழுத்து வாங்கும் வழக்கத்துக்கு எதிராக வைத்த தாழ்ப்பாள் இது. இன்றும் துறைமுகக் காண்ட்ராக்ட் தொழிலாளி குடும்பத்துக்கு வக்கீல் முதலில் சொல்லும் புத்தி இதுதான்: "எதிலும் கையெழுத்துப் போடாதீங்க, டெபாசிட் ஆகட்டும்."

ஆனால் சிங்காரவேலர் பிறந்த குப்பத்துக்கு இந்தச் சட்டம் எட்டவில்லை. சொந்தக் கட்டுமரத்தில் போகிறவனுக்கு முதலாளி கிடையாது. ஈடு தர ஆளும் கிடையாது. அதைவிடக் கொடுமை இன்னொன்று. கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி, ஏழு ஆண்டு செய்தி இல்லாவிட்டால்தான் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று காட்ட வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறும். சட்டத்தின் பெயர் இப்போது மாறிவிட்டது; ஏழு ஆண்டு மாறவில்லை. இறப்புச் சான்று இல்லாமல் வாரிசுச் சான்று கிடைக்காது. வாரிசுச் சான்று இல்லாமல் வங்கிப் பணம், படகின் பதிவு, இன்சூரன்ஸ் எதுவும் அசையாது. பொட்டு வைப்பதா அழிப்பதா என்று ஊர் கேட்கும். அதற்கு அவளிடம் பதில் இருக்கலாம், தாலுகா ஆபீசுக்குத் தர அவளிடம் தாள் இல்லை. குமரியில் 2017இல் ஒக்கிப் புயல் வந்தபோது இந்தப் பிரச்சினை நாடு முழுவதும் தெரிந்தது. காசிமேட்டுக்கு அது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த பிரச்சினை.

சிங்காரவேலர் மீதே வழக்குகள் வந்தன. 1924இல் கான்பூர் போல்ஷ்விக் சதி வழக்கு: எம். என். ராய், டாங்கே, முசாபர் அகமது, ஷௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகியோரோடு அவர் பெயரும் குற்றப்பத்திரிகையில் இருந்தது. பேரரசருக்கு எதிராகச் சதி செய்ததாகத் தண்டனைச் சட்டத்தின் 121-ஏ பிரிவு. முக்கியச் சாட்சியம் கடிதங்கள், வழியில் போலீஸ் பிரித்துப் படித்த கடிதங்கள். அவருக்கு வயது 64, கடும் நோய். ஜாமீனில் விட்டார்கள்; அவரளவில் வழக்குக் கைவிடப்பட்டது. டாங்கே, முசாபர் அகமது, உஸ்மானி, குப்தா ஆகிய நால்வருக்கு நீதிபதி ஹோம் நாலாண்டு கொடுத்தார். மறுவருடம் டிசம்பரில் அதே கான்பூரில் நடந்த இந்தியாவின் முதல் பொதுவுடைமையர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கச் சிங்காரவேலர் போனார். சதிகாரர் என்று பெயர் எழுதிய ஊருக்கே திரும்பப் போவதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம். நாகப்பட்டினம் ஒர்க்ஷாப்பைப் பொன்மலைக்கு மாற்றியதும் ஆட்குறைப்பும் காரணம். ஒர்க்ஷாப் ஊர் மாறினால் தொழிலாளி மட்டுமா மாறுகிறான்? பிள்ளையின் பள்ளிக்கூடம், கிழவியின் வைத்தியம், வாடகை வீடு எல்லாம் மாறும். அந்த வேலைநிறுத்தத்துக்காகச் சிங்காரவேலருக்கும் அவரோடு நின்ற முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுக் கடுங்காவல் விதித்தார்கள். அவருக்கு அப்போது 68 வயது. அப்பீலில் தண்டனை குறைந்தது. 1930இல் வெளியே வந்தார். அவரைச் சிறைக்கு அனுப்பிய சட்டம் அவருக்கு வரிவரியாகத் தெரிந்த சட்டம்.

அவருடைய சொந்தக் குடும்பத்திலும் சட்டம் தொட்ட ஒரு செய்தி உண்டு. அங்கம்மாளை மணந்து ஒரு மகள். மகள் வழிப் பேரனை மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். இன்றைக்கு இது இயல்பான செய்தி. அன்றைய இந்துச் சட்டத்தில் அப்படியல்ல. எந்தப் பெண்ணைத் தான் மணந்திருக்க முடியாதோ அவள் பெற்ற பிள்ளையைத் தத்தெடுக்கக் கூடாது என்று தர்மசாஸ்திர உரைகள் சொல்லின. அதன்படி மகளின் மகன் கூடாது. ஆனால் இந்தத் தடை மேல் மூன்று வருணத்தாருக்குத்தான் என்றும் சூத்திரருக்கு இல்லை என்றும் கோர்ட்டுகள் வைத்திருந்தன. தென்னாட்டுப் பிராமணரிடையேகூட வழக்கம் இருந்தால் செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 'வைத்தியநாதா எதிர் அப்பு' வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆக, பேரனை மகனென்று கூப்பிடுவதற்கும் சாதியைக் கேட்டுத்தான் சட்டம் வழிவிட்டது. சாதியை ஒழிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதியவர் வாழ்ந்த சட்டச் சூழல் இது.

1930களில் அவர் பெரியாரோடு நெருங்கிப் பணியாற்றினார். 'குடி அரசு' இதழில் அறிவியல், பொருளியல், கடவுள் மறுப்பு என்று எழுதித் தள்ளினார். 1932 டிசம்பரில் சுயமரியாதை இயக்கத்துக்காக உருவான ஈரோட்டுத் திட்டத்தில் அவர் கை பெரிது. அந்த ஆண்டுகளில் சுயமரியாதைத் திருமணங்கள் ஊர் ஊராக நடந்தன. மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்களுக்குப் பின்னால் கோர்ட்டு காத்திருந்தது. புரோகிதமும் சடங்கும் இல்லாத திருமணம் செல்லாது என்று 1953இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு தீர்ப்பில் எத்தனை பெண்களின் மனைவி என்ற நிலை, எத்தனை பிள்ளைகளின் பங்கு ஆடிப்போனது! அண்ணா முதல்வரானபின் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவு சேர்ந்தது; முன்பே நடந்த திருமணங்களும் செல்லும் என்று ஆனது. அந்தச் சட்டத்தைப் பார்க்கச் சிங்காரவேலர் இல்லை. வக்கீல்கள் தங்கள் அறையில் இப்படித் திருமணம் நடத்திவைப்பது செல்லாது என்று 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. வீட்டுக்குப் பயந்து ஓடிவந்த இரண்டு பேருக்கு நண்பர் என்ற முறையில் ஒரு வக்கீல் துணை நிற்கலாம் என்பது இன்று சட்டம்.

குடும்ப வழக்கில் வக்கீலின் இடம் என்ன என்பதைச் சட்டமே சந்தேகத்தோடு பார்க்கிறது. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமையல்ல. நீதிமன்றம் அனுமதிக்கலாம், அவ்வளவே. வக்கீல் வந்தால் சமரசம் கெடும், வழக்கு நீளும் என்ற எண்ணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் மாதச் சம்பளத்தை மறைக்கும் கணவன் எதிரில் நிற்கும்போது, அந்தச் சம்பளச் சீட்டை எந்த ஆபீசிலிருந்து எப்படி வரவழைப்பது என்று தெரிந்த ஒருவர் அந்தப் பெண்ணுக்கு வேண்டும். வட சென்னைக் குடும்பங்கள் மதித்த வக்கீல்கள் எல்லாம் இந்த இரண்டையும் தெரிந்தவர்கள்: எப்போது கோர்ட்டுக்குப் போக வேண்டும், எப்போது இரு தரப்பையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துப் பேச வேண்டும்.

ராஜாஜி சாலையில் இருக்கும் சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் பெயர் சிங்காரவேலர் மாளிகை. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் அங்கே போய்ப் பார்த்தால் யாரெல்லாம் வருகிறார்கள் என்பது தெரியும். விதவை உதவித்தொகைக்கு ஒருவர், அரை நூற்றாண்டு குடியிருந்தும் பட்டா இல்லாத குப்பத்து வீட்டுக்காரர் ஒருவர், கைவிட்டுப்போன மகனைப் பற்றிச் சொல்ல வந்த முதியவர் ஒருவர். பிளாஸ்டிக் உறையில் ரேஷன் கார்டு, ஆதார், மஞ்சளாகிப்போன ஒரு மனுவின் நகல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து மீன்பிடி நின்றுபோனபோதும் ஒரு கேள்வி எழுந்தது: நிவாரணப் பட்டியலில் குடும்பம் என்றால் யார்? படகு வைத்திருப்பவரா? கழிமுகத்தில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்ணும் அதில் உண்டா? பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது நல்லது. ஆனாலும் பட்டியலில் விடுபட்ட பெயரைச் சேர்க்கும் வேலையை யாரோ ஒருவர் உட்கார்ந்து செய்ய வேண்டும். அது வக்கீல் வேலை.

சிங்காரவேலர் கடைசிவரை அந்த வேலையிலிருந்து ஓய்வு எடுக்கவில்லை. 1945இல், 85 வயதில், சென்னை அச்சுத் தொழிலாளர் மாநாட்டுக்கு வந்து பேசினார். 1946 பிப்ரவரி 11 அன்று இறந்தார்.  அவர் சேர்த்த நூல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அந்த நூலகம் அப்படியே ஒரே இடத்தில் நிலைக்கவில்லை. 1975இல் கே. முருகேசனும் சி. எஸ். சுப்பிரமணியமும் அவருடைய வாழ்க்கையை ஆங்கிலத்தில் நூலாக எழுதியிருக்காவிட்டால் இன்று சொன்னவற்றில் பாதியைச் சொல்லியிருக்க முடியாது. பின்னர் அவருடைய எழுத்துகளையும் தொகுத்தார்கள்.

இந்த அவையில் வக்கீல்களும், வக்கீல் குமாஸ்தாக்களும், சங்க அலுவலகம் நடத்துகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் பரணில் சிவப்புத் துணி கட்டிய வழக்குக் கட்டுகள் கிடக்கின்றன. அதில் துறைமுக விபத்து ஈட்டு வழக்கு இருக்கும். கடலில் காணாமல்போனவரின் மனைவி போட்ட வழக்கு இருக்கும். ஜீவனாம்ச மனு இருக்கும். அறையைக் காலி செய்யும்போது அவை பழைய பேப்பர் கடைக்குப் போகின்றன. அடுத்தமுறை எடைக்குப் போடுவதற்கு முன் கட்டைப் பிரித்துப் பாருங்கள். கட்சிக்காரரின் ரகசியம் காக்க வேண்டியதைக் காத்து, மற்றதை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்திலோ ஏற்றுக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். மூத்த வக்கீல்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் பேச்சை ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கோர்ட்டு, எந்த நீதிபதி, ஈடு எவ்வளவு வந்தது, அந்தப் பணத்தை வைத்து அந்தக் குடும்பம் என்ன செய்தது என்று கேளுங்கள். முதல் கட்டைப் பிரிக்க யாராவது முன்வந்தால், இந்த மேடைக்குப் பக்கத்து மேசையில் பெயரைப் பதிவு செய்துவிட்டுப் போகலாம்.